ஃபேன்டஸி ஃபுட்பால்: முதல் சீசனுக்கு கிளாசிக்கா, டிராஃப்டா?

நிஜ வீரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி கட்ட, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி விழும்; அதுதான் ஃபேன்டஸி ஆட்டம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டமான எஃப்பிஎல்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "யாரை கேப்டனாப் போடலாம்?" அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிளாசிக் ஆடப்போகிறீர்களா, டிராஃப்டா? இரண்டும் இலவசம். இரண்டிலும் 15 பேர் கொண்ட அணிதான்: 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட். கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவிடும் பாஸ்), க்ளீன் ஷீட் (கோல் வாங்காமல் முடிப்பது) இவற்றுக்கான புள்ளிகளும் ஒன்றே. ஆனாலும் ஆட ஆரம்பித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆட்டங்கள்.

கிளாசிக்கில் கையில் 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆடுகிறார்கள், அத்தனை பேரும் மான்செஸ்டர் சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டை வாங்கலாம். டிராஃப்டில் விலையே கிடையாது. 2 முதல் 16 பேர் வரை ஒரு லீக்காகச் சேர்ந்து, முறை வைத்து ஆளுக்கொருவராக எடுக்கிறீர்கள். ஒருவர் எடுத்த வீரர் அந்த லீக்கில் வேறு யாருக்கும் கிடையாது. பந்திக்கு முந்து என்பதுதான் இங்கே சட்டம். அமெரிக்கர்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் என்று சொல்லும் அவர்கள் ஊர் ஆட்டத்தில் டிராஃப்ட்தான் காலங்காலமாக வழக்கம். எஃப்பிஎல் பக்கம் கிளாசிக்தான் மூத்தது.

வித்தியாசம் புரிய கோல் பாமரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபர் ஜன்னலின் கடைசி நாளில் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்தார். எஃப்பிஎல்லில் அவர் விலை சுமார் 5 மில்லியன், அதாவது பெஞ்சில் உட்காரவைக்கிற ஆளுக்கான விலை. அக்டோபரில் பர்ன்லிக்கு எதிராக பெனால்டி அடித்து செல்சிக்கான முதல் கோலைப் போட்டார். சீசன் முடிவில் 22 கோல், 244 புள்ளிகள். அந்த ஆண்டு எஃப்பிஎல்லில் அவருக்கு மேல் யாருமில்லை. கிளாசிக் ஆடியவர்கள் அக்டோபரில் விட்டிருந்தாலும் நவம்பரில் வாங்கினார்கள், டிசம்பரில் வாங்கினார்கள். விலை கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். டிராஃப்டில் செப்டம்பரிலேயே மூக்கில் வியர்த்தவர் ஒருவர் அவரைத் தூக்கியிருந்தால், மற்றவர்கள் மே மாதம் வரை வேடிக்கைதான் பார்க்க முடியும்.

அதனால் பிழை செய்யும் புது ஆளிடம் கிளாசிக் இரக்கமாக நடந்துகொள்கிறது. வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், அதாவது ஓர் ஆளை விட்டு இன்னொருவரை எடுப்பது, இலவசம். செய்யாமல் விட்டால் ஐந்து வரை சேர்த்துவைக்கலாம். அதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி வெட்டு. முதல் மாதத்தில் இந்த வெட்டு வாங்காமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு ஆட்டத்தில் சொதப்பினார் என்பதற்காக மறுவாரமே ஆளை மாற்றாதீர்கள். அணி மொத்தமாகக் குலைந்துபோனால், வெட்டு இல்லாமல் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றவிடும் வைல்ட்கார்டு இருக்கிறது; சீசனின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று.

கேப்டன் விஷயம் கிளாசிக்குக்கு மட்டும்தான். கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. டிரீம்11 பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள்: வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கெல்லாம் இல்லை. கேப்டன் களத்திலேயே இறங்காவிட்டால்தான் அவர் முறை வரும். டிராஃப்டில் கேப்டன் கிடையாது, வைல்ட்கார்டும் கிடையாது. ஒரு வீரர் ஒருவருக்கே என்பதால் ஹாலண்டின் மதிப்பும் இங்கே வேறாகிறது. கிளாசிக்கில் அவர் ஹாட்ரிக் அடித்தால் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய லாபமில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடமும் அவர் இருக்கிறார், வைத்திராதவர்தான் சரிகிறார். டிராஃப்டில் அந்த ஹாட்ரிக் ஒரே ஒருவருக்குச் சொந்தம். லீக்கில் அந்த வாரம் மற்றவர்கள் கத்துவது கேட்கும்.

அணி கட்டும் கணக்கும் நேர் எதிர். மிட்ஃபீல்டர் அடிக்கும் கோலுக்கு 5 புள்ளி, ஃபார்வர்டுக்கு 4. விங்கில் ஆடினாலும் மிட்ஃபீல்டர் பட்டியலில் இருந்ததால்தான் லிவர்பூலின் சாலா 2024-25ல் 29 கோலோடு 344 புள்ளிகள் என்ற சாதனையைத் தொட முடிந்தது. எனவே கிளாசிக்கில் பணத்தை மிட்ஃபீல்டில் கொட்டுவது சரி. ஹாலண்டையும் சாலாவையும் சேர்த்து வாங்க ஆசைப்பட்டவர்களுக்கு, 2025-26 தொடக்க விலைப்படி இருவருக்கே 28.5 மில்லியன் போனது. மீதி 13 பேருக்கு 71.5. முடியாதது இல்லை, ஆனால் டிஃபென்ஸ் ஓட்டையாகும். முதல் சீசனில் ஒரு பெரிய ஆள் போதும் என்பேன். பெஞ்சில் மட்டும் காசைப் போடாதீர்கள். இரண்டாவது கோல்கீப்பர் 4 மில்லியன் ஆளாக இருக்கட்டும்.

டிராஃப்டில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் 24 ஃபார்வர்டுகள் தேவை. பிரீமியர் லீக்கில் இருப்பதோ 20 கிளப், பெரும்பாலானவை ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரோடு இறங்குகின்றன. ஐந்தாறு சுற்றுக்குள் உருப்படியான ஃபார்வர்டுகள் தீர்ந்துபோவார்கள். மிட்ஃபீல்டர் எப்படியும் கிடைப்பார். ஸ்ட்ரைக்கரை முதலில் எடுங்கள். எடுக்கும் வரிசை பாம்பு போல வளையும்: முதல் சுற்றில் எட்டாவதாக எடுப்பவரே அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். முதலில் எடுத்தவர் ஹாலண்டோடு சந்தோஷமாக இருந்தாலும், அடுத்த முறை அவருக்கு 16வது இடத்தில்தான். எட்டாவதாக வந்தால் அழவேண்டியதில்லை, அடுத்தடுத்து இரண்டு பேர் உங்களுக்கு. கோல்கீப்பரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். லீக்கில் பத்துப் பேர் என்றால் மட்டும் கவனம்: ஆளுக்கு இரண்டு வீதம் 20 கிளப்பின் முதல் கோல்கீப்பர்களும் காலி. நான்கே பேர் ஆடினால் மொத்தம் 60 வீரர்கள்தான் போவார்கள், எல்லோரிடமும் நட்சத்திர அணி இருக்கும், சுவாரசியமே இருக்காது.

ஆட்டமாகப் பார்த்தால் எனக்கு டிராஃப்ட்தான் ஒசத்தி. பிரென்ட்ஃபோர்டில் இந்த வாரம் யார் ஆடுகிறார் என்று தேட வைக்கும். கிளாசிக்கிலோ பத்து யூடியூப் சேனல் பார்த்தால் எல்லோர் அணியும் ஒரே அணியாகிவிடும். இருந்தும் புதியவருக்கு கிளாசிக்கைத்தான் கைகாட்டுவேன். காரணம் ஆட்டத்தில் இல்லை, ஆட்களில். 38 வாரம் ஓடும் போட்டி இது. ஆகஸ்டில் துள்ளிக் குதித்துச் சேருகிறவர் பலர் தீபாவளிக்குள் ஆளைக் காணோம். கிளாசிக்கில் அவர் காணாமல் போனால் பட்டியலின் அடியில் கிடப்பார், யாருக்கும் நஷ்டமில்லை. டிராஃப்டில் அவர் கைவிட்ட 15 வீரர்களும் பூட்டிய வீட்டுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். வாரம் ஒருவரோடு மோதும் நேருக்கு நேர் முறை என்றால் அவரைச் சந்திக்கிறவருக்கெல்லாம் ஓசி வெற்றி. நீங்களே அந்த ஆளாக ஆகமாட்டீர்கள் என்று முதல் சீசனில் எப்படித் தெரியும்? ஏற்கெனவே சனிக்கிழமை தோறும் சேர்ந்து மேட்ச் பார்க்கும் ஆறேழு பேர் கூட்டம் இருந்தால் இந்தக் கவலை இல்லை. நேராக டிராஃப்டுக்கே போங்கள்.

எதில் சேர்ந்தாலும் நேரக் கணக்கை மனதில் வையுங்கள். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் அணி பூட்டப்படும். சனிக்கிழமை மதியம் 12.30 ஆட்டம்தான் முதல் ஆட்டம் என்றால், இந்திய நேரப்படி அக்டோபர் கடைசி வரை பிற்பகல் 3.30, இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றியபின் 4.30. வெள்ளி இரவு ஆட்டம் இருக்கும் வாரங்களில்தான் பலர் கோட்டைவிடுவார்கள். நமக்கு அது வெள்ளி இரவு 11 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு. டிராஃப்டில் இன்னும் முன்னாலேயே விழித்துக்கொள்ள வேண்டும்: யாரிடமும் இல்லாத வீரரைக் கேட்டு வரிசையில் நிற்கும் வேவருக்கான கெடு, அணி பூட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பே முடிந்துவிடும்.