டேஷ்கேமுக்கு மின்சாரம்: லைட்டர் சாக்கெட்டா, ஃபியூஸ் பெட்டியா?

மதுரையில் காருக்கு டேஷ்கேம் (சாலையைப் படம்பிடிக்கக் காருக்குள் பொருத்தும் சிறு கேமரா) வாங்குவோர் சிலர், மின்சாரத்தை லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுப்பதா, ஃபியூஸ் பெட்டியிலிருந்து இழுப்பதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: சாக்கெட் சார்ஜர் பெரும்பாலும் கேமராவுடனேயே வந்துவிடும்; ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கும் நேரடி இணைப்புக்கு ஹார்டுவயர் கிட் (கேமராவுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் தொகுப்பு), ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி மின்சாரத்தைப் பிரித்தெடுக்கும் சிறு துண்டு), எலக்ட்ரீஷியன் கூலி மூன்றும் சேரும்.

எளிமை: முன்னதைச் செருகினால் போதும். பின்னதில், முன்கண்ணாடி ஓரத் தூணின் உறையைக் கழற்றி, அங்கே ஏர்பேக் இருந்தால் அதன் குறுக்கே போகாமல் பின்புறமாக வயரைக் கொண்டுசென்று, வண்டியின் உலோக உடலில் எர்த் கொடுக்க வேண்டும்.

உறுதி: குண்டும் குழியுமான தெருவில் சாக்கெட் பிளக் தளர்ந்து, கேமரா சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோனதை நானே கண்டிருக்கிறேன்.

நிறுத்திய வண்டியைக் காவல் காப்பதில்தான் பெரிய வேறுபாடு. பல கார்களில் சாவியை அணைத்ததும் சாக்கெட்டும் அணைந்துவிடும். கிட்டோ 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தொடர்ந்து ஊட்டி, பேட்டரி ஏறக்குறைய 12 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும். அந்த வசதியில்லாத மலிவுக் கிட்டை வாங்கினால், காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

சித்திரைத் திருவிழா நாள்களில் இடம் கிடைத்த தெருவில் வண்டியை விட்டுச் செல்வோருக்கு நேரடி இணைப்பே தகும். வீட்டுக்குள் நிறுத்துவோருக்குச் சாக்கெட் போதும்.