தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர்: எதை வாங்கலாம்?

மூளையில் பலத்த அடிபட்டவருக்கு விழுங்குவது தடுமாறும்போது, குழைந்த சோற்றைவிடத் தண்ணீரே பெரிய ஆபத்து. சட்டென்று வழுக்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பவுடர்.

ஸ்டார்ச் வகை விலை குறைவு. ஆனால் வைக்க வைக்க இறுகும்; எச்சில் பட்டால் நீர்த்துப்போகும். எச்சில் பட்ட ஸ்பூனையே திரும்பத் திரும்ப விட்டால் டம்ளரே இளகிவிடும். சாந்தன் கம் (கெட்டியாக்கப் பயன்படும் ஒரு வகைப் பிசின்) வகையில் இந்தத் தொல்லை இல்லை. காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

சில பிராண்டில் பவுடர் முதலில், சிலவற்றில் தண்ணீர் முதலில். மாற்றிச் செய்தால் ஜவ்வரிசி போலக் கட்டி தட்டும், அதைக் கொட்டிவிடுங்கள். பால் கெட்டியாக நேரமாகும். அவசரப்பட்டு இன்னொரு ஸ்பூன் போட்டால் பசையாகிவிடும்.

பதம் கண்ணுக்குத் தெரியாது, சோதித்தே ஆகவேண்டும். 0 முதல் 10 மி.லி. கோடு வரை 61.5 மி.மீ. நீளமுள்ள சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. ஊற்றி, 10 விநாடி ஒழுகவிடுங்கள். 4 முதல் 8 மி.லி. மிஞ்சினால், IDDSI என்ற சர்வதேச அளவுகோலில் அது நிலை 2 (லேசான கெட்டி). அதற்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3 (நடுத்தரக் கெட்டி). எந்த நிலை வேண்டும் என்பதை விழுங்கல் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய குறை, தாகம் அடங்காது. பலர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அதனால் அன்றாடம் குடித்த அளவைக் குறித்து வையுங்கள். குடித்தபின் குரல் கொழகொழவென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். இருமல் வராமலேயே மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்.