கிராபிக்ஸ் சிப் போகவில்லை, 5,300 ரூபாய்தான் போனது

இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. ஊர் கோவை, அவ்வளவு போதும்.

எனக்குத் தொழில் பத்திரிகை டிசைன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் செய்வேன். பல வருடமாக குபுண்டு என்கிற லினக்ஸ்தான், படம் வரைகிற இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேரில்தான் வேலை. லேப்டாப் 2020-ல் வாங்கியது. ப்ராசசர் இன்டெல் ஐ5, அதற்குள்ளேயே ஒரு கிராபிக்ஸ், கூடவே தனியாக என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப். ஆவணி முகூர்த்த வேலை குவிந்து கிடந்த நேரத்தில், புத்தி கெட்டு ஒரு அப்டேட் போட்டேன். நடுவில் அது ஏதோ பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். ரீபூட் ஆனபோது நீலத்தில் ஒரு திரை வந்தது. படிக்காமல் என்டரைத் தட்டினேன். அதற்கப்புறம் கம்பெனி லோகோ வரும், பின்னாலேயே கறுப்புத் திரை.

அந்த நீலத் திரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அங்கேதான் தப்பு என்னுடையது.

கடையில் கொடுத்தேன். மாலையே போன் வந்தது. “சாஃப்ட்வேர் பிராப்ளம் சார், சரி பண்ணிட்டோம்.” 800 ரூபாய். திரை வந்துவிட்டது, பத்திரிகைகள் பத்திரமாக இருந்தன, கும்பிடு போட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாமே மந்தம். ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால், எருமை குட்டையை விட்டு எழுந்து வருகிற மாதிரி வந்தது. பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தும்பிக்கை முதலில் வரும், வயிறு இரண்டு விநாடி கழித்து வரும். ஃபேன் ஓயவே இல்லை. யூடியூப் விட்டு விட்டு ஓடியது. இரவில் திரை கண்ணைக் குத்தியது, வெளிச்சம் குறைக்கிற கீயை அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை. பெரிய மானிட்டரைச் செருகினால் அதையும் கண்டுகொள்ளவில்லை. இதெல்லாம் தனித்தனி வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பக் கடைக்குப் போனேன். பையன் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். முதலாளி வந்தார். “கிராபிக்ஸ் சிப் வீக் ஆயிருச்சு சார். லினக்ஸ் போட்டா சூடு ஏறி இப்படித்தான் ஆகும். போர்டு மாத்தினா 22,000. இல்லேன்னா சிப்பை எடுத்து ரீபால் பண்ணித் தரோம், 4,500.” ரீபால் என்றால் சிப்பைப் போர்டிலிருந்து எடுத்து, அடியில் புது ஈயப் பொட்டு வைத்துத் திரும்ப ஒட்டுவது. கையில் பதினோரு பத்திரிகை நிற்கிறது. 4,500-க்குத் தலையாட்டினேன். மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். எருமை அதே எருமை. “கொஞ்ச நாள்ல செட் ஆகும் சார், இல்லேன்னா விண்டோஸ் போட்டுக்குங்க” என்றார்கள். சிப் செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

தம்பி முறையில் ஒருவன் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். போனில் புலம்பினேன். அவன் சிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ஏங்ணா, வெளிச்சம் கூட்டுற கீ வேலை செய்யுதா?” என்றான். இல்லை என்றேன். “எச்டிஎம்ஐ?” பெரிய மானிட்டரைச் செருகுகிற இடம். அதுவும் இல்லை. சிரித்துவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் ‘இந்தக் கணினியைப் பற்றி’ என்கிற பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் ப்ராசசர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னான். இன்டெலும் இல்லை, என்விடியாவும் இல்லை. ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தது.

அது கார்டே இல்லை. கிராபிக்ஸ் சிப்பை இயக்குகிற சாஃப்ட்வேரான டிரைவர் எதுவும் கிடைக்காதபோது, ப்ராசசரையே வைத்துப் படம் வரைய லினக்ஸ் எடுத்துக்கொள்ளும் மாற்று வழி. டெஸ்க்டாப்பின் நிழல், விண்டோ அசைவு, வீடியோ எல்லாவற்றையும் ஐ5 தலையில் சுமந்துகொண்டிருந்தது. ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்? சிஸ்டம் மானிட்டரில் பார்த்தால், விண்டோக்களைத் திரையில் காட்டுகிற கேவின் என்ற புரோகிராம்தான் ப்ராசசரைத் தின்றுகொண்டு முதல் வரியில் நின்றது.

அடுத்து, கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற டெர்மினலில் ஒரு வரி அடிக்கச் சொன்னான், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்னென்ன உத்தரவோடு பூட் ஆனது என்று காட்டுவதற்கு. கடைசிச் சொல் ‘நோமோட்செட்’. நான் வைத்ததில்லை. முதல் தடவை 800 வாங்கிக்கொண்டு கடை செய்த ‘ரிப்பேர்’ அதுதான். கிராபிக்ஸ் டிரைவர் யாரும் திரையைத் தொடக் கூடாது என்று கெர்னலுக்குச் சொல்லும் சொல் அது. கறுப்புத் திரை வந்தால், உள்ளே நுழைந்து கோளாறைப் பார்ப்பதற்காகத் தற்காலிகமாகப் போடுவார்கள். போட்டுவிட்டு எடுக்க வேண்டும். இவர்கள் பூட் ஆவதற்கான அமைப்புகள் இருக்கும் கிரப் கோப்பிலேயே நிரந்தரமாக எழுதிவிட்டார்கள். இன்டெல் டிரைவரே ஏறாததால் வெளிச்சக் கீ, எச்டிஎம்ஐ, வேகம் மூன்றும் ஒன்றாகப் போயின. கால் சுளுக்குக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நடக்க முடியவில்லை என்று வந்தவனிடம் எலும்பு போய்விட்டது என்று சொல்லி இன்னொரு தடவை காசு வாங்கியிருக்கிறார்கள்.

சிப் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பென்டிரைவில் குபுண்டு போட்டு, லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லைவாக பூட் செய்தோம். மெனுவில் முதல் வரியைத்தான் எடுக்க வேண்டும். ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்று இருப்பதை எடுத்தால் அதிலும் அதே நோமோட்செட்தான் வரும். விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. வெளிச்சம் கூடியது, குறைந்தது. எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

தம்பி நியாயமாக ஒன்று சொன்னான். லைவில் திரையை ஓட்டுவது இன்டெல்தான், அதை வைத்து என்விடியா நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி லேப்டாப்களில் திரையின் கம்பி பெரும்பாலும் இன்டெலோடுதான் சேர்ந்திருக்கும். கனமான வேலை வந்தால் மட்டும் என்விடியா வரைந்து, படத்தை இன்டெல் கையில் கொடுக்கும். 2010-ல் ஆப்டிமஸ் என்று என்விடியா கொண்டுவந்த ஏற்பாடு இது. அப்படியென்றால் என் சந்தேகம் இன்னும் கூடியது. என்விடியா சிப் செத்தே போயிருந்தாலும், இன்டெல் மட்டும் வைத்து டெஸ்க்டாப் சுகமாக ஓடியிருக்க வேண்டுமே?

நோமோட்செட்டை எடுத்ததும் பழைய கறுப்புத் திரை திரும்பி வந்தது. நிஜக் கோளாறு இப்போதுதான் வெளியே வந்தது. அப்டேட்டில் என்விடியா டிரைவர் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒப்புதல் பெற்ற சாஃப்ட்வேரை மட்டும் பூட்டில் உள்ளே விடுகிற ‘செக்யூர் பூட்’ ஆனில் இருந்தால், அந்தப் புது டிரைவரின் கையெழுத்தை நாம் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் என்டர் தட்டித் தாண்டிய நீலத் திரை அதற்காக வந்தது. பத்து விநாடிதான் காத்திருக்கும், விட்டால் போய்விடும். ஒப்புதல் இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடவில்லை. நானோ, எப்போதோ யாரோ சொன்னதைக் கேட்டு, எந்த கிராபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற ‘பிரைம்-செலக்ட்’டில் எப்போதும் என்விடியா என்று வைத்திருந்தேன். வராத ஆளுக்காகத் திரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கினால் கறுப்பு எழுத்துத் திரை ஒன்று வரும். அங்கிருந்து அந்த டிரைவர் கையெழுத்துக்கான சாவியைத் திரும்பப் பதியச் சொல்லி, புது பாஸ்வேர்டு வைத்து, ரீபூட் செய்தேன். நீலத் திரை வந்ததும் இந்தத் தடவை கண்ணை விலக்காமல் சாவியைப் பதிகிற ‘என்ரோல் மோக்’ எடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுத்தேன். பிரைம்-செலக்டை, தேவைப்பட்டால் மட்டும் என்விடியா வருகிற ‘ஆன்-டிமாண்ட்’ என்று மாற்றினேன். முக்கால் மணி நேரம். ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்று அடித்தால் 1650 தன் பெயரையும் சூட்டையும் சொன்னது, 46 டிகிரி.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்து அடி மூடியைக் கழற்றினான். சிப்பை எடுத்து ரீபால் செய்ய வேண்டுமென்றால் முதலில் அதன் மேல் சூட்டைக் கடத்துகிற உலோகத் தகடான ஹீட்சிங்கைத் தூக்க வேண்டும். ஹீட்சிங்கின் நடு ஸ்க்ரூ மேல் கம்பெனி ஒட்டிய வட்ட ஸ்டிக்கர், ஓரம் கூடக் கிழியாமல் இருந்தது. சுற்றிலும் நான்கு வருடத் தூசி, யாருடைய விரலும் படாமல். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதைக் காட்டியபோது முதலாளி போட்டோவைப் பார்க்கவில்லை. “பில்லுல என்ன போட்டிருக்கு பாருங்க சார்” என்றார். பார்த்தேன். ‘சர்வீஸ் சார்ஜ் 4,500.’ ரீபால் என்ற வார்த்தையே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை, அதனால் காசுக்குப் பயந்து விடப் போவதில்லை. ஆனால் என் கையில் இருப்பது அந்த ஒரு வரிப் பில்லும் போட்டோவும்தான். அதனால் சொல்கிறேன், என்ன வேலை, எந்தப் பாகம் என்று பில்லில் எழுதி வாங்காமல் லேப்டாப்பை அங்கே விட்டு வராதீர்கள். கழற்றிய பாகம் என்று எதையாவது சொன்னால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

நான் கிளம்பும்போது கவுன்டரில் காலேஜ் பையன் ஒருவன் உபுண்டு ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்போடு நின்றான். “கிராபிக்ஸ் சிப்” என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அவனை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போய், வெளிச்சக் கீயை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவனுடையது வேலை செய்தது. அவனுக்கு வேறு ஏதோ கோளாறு, தம்பியின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.