விசுவமடு கராஜில் ஒன்றேகால் மணித்தியாலம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குள் தகரக் கொட்டிலில் நடக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. என் பைக் ஸ்டார்ட் ஆகும், அக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடும். போன சனிக்கிழமை கொண்டுபோனேன்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிய அண்ணை, ஒரு தகர மூடியில் பெற்றோல் ஊற்றி என்னிடம் நீட்டி, "தம்பி, சும்மாதானே இருக்கிறீர், இந்த ஜெட்டைக் கழுவித் தாரும்" என்றார். ஜெட் என்பது பெற்றோல் போகும் சின்னத் துண்டு, அதன் ஓட்டை தலைமயிர் நுழையும் அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரியவேண்டும், எனக்கு இருட்டுத்தான் தெரிந்தது. வயரில் உரித்த ஒற்றைச் செப்பு இழையை விட்டு எடுத்து, வாயால் ஊதி, திரும்பப் பிடித்துப் பார்த்து, திரும்ப ஊதி, பொட்டுத் தெரிந்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை. பிறகு காற்றின் அளவைச் சரிசெய்யும் காற்று ஸ்குரூ: உள்ளே முழுக்க இறுக எத்தனை சுற்று என்று எண்ணிவிட்டுத்தான் கழற்றவேண்டும். இரண்டரை.

இருபது நிமிசம் போயிருக்கும் என்று போனைப் பார்த்தால் ஒன்றேகால் மணித்தியாலம்! நான் இருந்ததில் பாதி நேரம்கூட இல்லாத, கிளச் கேபிள் மாற்ற வந்த ஐயா வாங்கில் இருந்தபடி நாலு தரம் "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

நேரத்தைக் கவனிப்பதற்கும் வேலையைக் கவனிப்பதற்கும் நமக்கு இருப்பது ஒரே கவனம்தான். சுற்று எண்ணும்போது நிமிசம் எண்ண ஆளில்லை. 1976இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சீட்டுகளைப் பிரிக்கவிட்டு, எவ்வளவு நேரம் போனது என்று கேட்டிருக்கிறார்கள். நேரத்தைக் கேட்போம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களில், பிரிக்கும் வேலை கூடக்கூடச் சொன்ன நேரம் குறைந்தது. நினைவில் இது தலைகீழ். சுவையாகப் போன நேரம் போகும்போது குறுகும், திரும்பிப் பார்த்தால் நீளும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதிவிட்டார். எனக்கு அது அப்படியே சரி. போன மாதம் ஒரு அலுவலகத்தில் இலக்கத்தைப் பார்த்தபடி இருந்த நாற்பது நிமிசம் அரைநாள் போல இழுத்தது, இப்போது ஒரு மங்கல் சுவர்தான் ஞாபகம். கராஜிலோ ஒவ்வொரு ஸ்குரூவும் கண்ணுக்குள் நிற்கிறது, அது ஒரு முழுநாள் போல இருக்கிறது.

வேலை சுத்தம். சொன்ன காசுக்கு மேலே கேட்கவில்லை, பைக் இப்போது நிற்காமல் ஓடுகிறது. அவசரக்காரருக்கு எப்போது முடியும் என்று முதலே சொல்லிவிட்டால் நல்லது, அந்த ஐயா பாவம். காலையிலேயே போங்கள், இரண்டு மணிக்குப் பிறகு வாங்கில் வெயில் வந்துவிடும்.