கல் தடுப்பா, பிளைவுட் பெட்டியா? பழைய சமையலறையைப் புதுப்பிப்போருக்கு ஓர் ஒப்பீடு

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க முனைவோர் முன் இன்று தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு வழிகள் நிற்கின்றன. முதல் வழியில், மேடைக்குக் கீழே கடப்பா கல்லையோ, கம்பி வலை வைத்து வார்த்த ஃபெரோ சிமெண்ட் பலகையையோ செங்குத்தாக நிறுத்தித் தடுப்புகள் அமைத்து, அவற்றின் முகப்பில் கதவை மட்டும் மாட்டிக்கொள்கிறோம். இரண்டாவது வழியில், பிளைவுட்டாலோ பிற பலகைகளாலோ செய்த முழுப் பெட்டிகளைக் கால்களின் மேல் வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் கிரானைட்டை ஏற்றுகிறோம். மாடுலர் கிச்சன் என்று சொல்லும்போது நாம் குறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். கதவை மூடிவிட்டால் இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது; ஒரே மைக்கா, ஒரே கைப்பிடி, ஒரே பளபளப்பு. வேறுபாடு முழுவதும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இவ்விரண்டையும் சதுர அடி விலையை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இந்த வேலையைப் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்: இந்தப் பகுதி கெட்டுப்போனால், அதை மாற்ற வேறு எதையெல்லாம் கழற்ற வேண்டியிருக்கும்? கதவு கெட்டால் நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும். பெட்டி கெட்டால் அதன் மேலுள்ள கிரானைட்டைத் தூக்க வேண்டும்; கிரானைட்டைத் தூக்கினால் சுவரோரத்து டைல்ஸ் பெயரும். சுவருக்குள் இருக்கும் குழாய் கெட்டால் எல்லாமே போகும். எது கெட்டால் அதிகம் கழற்ற வேண்டுமோ அதற்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், கதவின் நிறத்தில் தொடங்கிக் குழாய்க்கு வரும்போது கையைக் கடிக்கிறது என்கிறோம்.

அக்காவின் வீடு சென்னையில், தாழ்வான பகுதி ஒன்றில், தரைத்தளத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அப்போது அந்தச் சமையலறைக்கு இரண்டு வயது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, கீழ்ப் பெட்டிகளின் பலகை உப்பி, மைக்காவின் ஓரங்கள் பொரித்த அப்பளம் போல எழும்பி நின்றன. கதவுகள் திறக்கவில்லை, திறந்தவை மூடவில்லை. விரலால் அழுத்தினால் பலகை ஈர ரவையைப் போல உதிர்ந்தது. பிளைவுட் என்று சொல்லி விற்கப்பட்ட அந்தப் பெட்டிகளின் உட்புறம் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்பது அன்றுதான் தெரிந்தது. அதே தெருவில், பழைய கல் தடுப்புச் சமையலறை வைத்திருந்த வீட்டுக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கதவுகளைக் கழற்றி மாடியில் உலர்த்தி, சில நாட்களில் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு பிளைவுட்டே கூடாது என்று சொன்னால் அது நியாயமாகாது. அங்கே தோற்றது பிளைவுட் அன்று. பிளைவுட்டின் பெயரில் வந்த வேறொரு பலகை. பிளைவுட்டிலேயே தரங்கள் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரம் உண்டு; அதில் எம்.ஆர். என்று ஒரு வகை வருகிறது. எம்.ஆர். என்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர, தண்ணீரைத் தாங்காது. அது படுக்கையறை அலமாரிக்கு உரியது. மரைன் பிளைவுட் எனப்படும் ஐ.எஸ். 710 தரமோ, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியாதிருக்க வேண்டும் என்ற சோதனையைக் கடந்து வருவது. சிங்க்கின் அடியிலும் அதன் இருபுறமும் இதற்குக் குறைந்த எதையும் ஏற்க வேண்டாம். பலகையின் மேல் முத்திரையும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அறுத்து மைக்கா ஒட்டிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை. ஆகவே பலகை வந்து இறங்கும் நாளன்று வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். பெட்டிகள் ஆலையிலிருந்தே முழுதாக வருமானால், தரத்தின் எண்ணையும் பலகையின் தடிமனையும் விலைப்பட்டியலில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நல்ல பலகையிலும் தண்ணீர் நுழைவது அதன் முகத்தின் வழியாக அன்று, ஓரத்தின் வழியாகத்தான். குழாய் நுழைவதற்காகத் துளைத்த இடம், சிங்க் குழாய்க்காக வெட்டிய பின்பலகை ஆகியவற்றின் விளிம்பை யாரும் மூடுவதில்லை. பொருத்த வருபவர் துளையிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த மூடாத விளிம்பில் சிலிகான் பூசச் சொல்லி அருகில் நின்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, பெட்டியின் ஆயுளோ அதைப் பொறுத்தது. பெட்டிகள் தரையில் உட்காராமல் நான்கு அங்குலக் கால்களில் நிற்பதும் நல்ல ஏற்பாடுதான். தரை கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. ஆனால் அந்த நான்கு அங்குல இடைவெளி கரப்பான் பூச்சிக்கு மிகப் பிடித்த இடம். முன்னால் மூடும் பட்டை, கையால் இழுத்தால் கழன்று வரும் வகையில் இருக்க வேண்டும். ஆணி அடித்து மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

இனி கல்லுக்கு வருவோம். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் வேலை செய்த கொத்தனார் வண்டியிலிருந்து இறக்கிய ஒவ்வொரு கடப்பா பலகையையும் சுவரில் சாய்த்து வைத்துக் கரண்டியின் காம்பால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்ததை ஒரு பக்கமும், பொத்தென்று ஒலித்ததை மறுபக்கமும் ஒதுக்கினார். பொத்தென்ற பலகையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கும். பாரம் ஏறியதும் அந்த வழியே உடையும். பன்னிரண்டில் இரண்டைத் திருப்பி அனுப்பினார். கல்லுக்குக் கரையான் இல்லை, உப்பல் இல்லை, வெள்ளத்தில் கிடந்தாலும் கழுவிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆயினும் கல் குறையே இல்லாதது என்று எண்ண வேண்டாம். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ ஊறுகாய் எண்ணெயோ சிந்தி நின்றால் வெளிறிய தழும்பு விழும், அது போகாது. அதனால் அது உள் தட்டுக்கே உரியது, மேடைக்குக் கிரானைட்தான். மேலும், கல்லில் கீலைத் திருகினால் பிடிக்காது. முகப்பில் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ வைத்து, அதில்தான் கதவை மாட்ட வேண்டும். அந்தச் சட்டம் ஒவ்வொரு அறையின் வாயிலிலும் மூன்று அங்குலம் வரை தின்றுவிடும். அகலமான இட்லிப் பானையை உள்ளே வைக்கும்போதுதான் அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும்.

பெட்டி உண்மையாகவே வெல்லும் இடம் ஒன்று உண்டு, அது இழுப்பறை. இரண்டடி ஆழமுள்ள கல் தட்டில் பின்வரிசைப் பாத்திரத்தை எடுக்க வேண்டுமானால் தரையில் குந்தி, முன்வரிசையை வெளியே எடுத்து வைத்து, தலையை உள்ளே நீட்ட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்தக் கீழ்த்தட்டில் இருந்தவை ஏறக்குறைய இல்லாத பொருள்களாகவே ஆகிவிட்டன. இருந்த உருளியை மறந்து இன்னொன்று வாங்கினார்கள். இழுத்தால் முழுதும் வெளியே வரும் இழுப்பறையில் நின்றபடியே மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதைக் கல்லுக்குள் பொருத்துவது கடினம்: கம்பித்தடங்கள் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் இணையாக நிற்க வேண்டும், கல் தடுப்போ ஒருபோதும் அவ்வளவு நேராக நிற்காது. கல்லுக்குள் பலகை அடித்து நேராக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் கல்லுக்கும் பலகைக்கும் இரண்டு முறை செலவழித்தவர்களாகிறோம். வயதானவர்கள் சமைக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே பெட்டியின் பக்கம் சாய்வது சரியானது. இழுப்பறைக்குள் வரும் கம்பிக் கூடைகள் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காந்தம் வைத்துப் பார்த்துத் தரம் அறியலாம் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடற்கரை ஊர்களில் அதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

செலவைக் கணக்கிடப் பத்தடிச் சுவரும் எட்டடிச் சுவரும் சேர்ந்த எல் வடிவச் சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடையின் அகலம் இரண்டடி என்றால் கிரானைட் 32 சதுர அடி. முன்முகத்தின் நீளம் 14 அடி. கீழ்க் கதவுகளின் பரப்பு ஏறத்தாழ 35 சதுர அடி. கல் வழியில் பிளைவுட் தேவைப்படுவது இந்தக் கதவுகளுக்கு மட்டும்தான். எட்டடிக்கு நான்கடித் தாள் இரண்டு போதும். பெட்டி வழியில் பக்கப் பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு, கதவு எல்லாம் சேர்த்து 18 மில்லிமீட்டர் தாள் குறைந்தது ஐந்து வேண்டும். பின்புறத்துக்கு 6 மில்லிமீட்டர் தாள் தனி. ஐந்து தாளுக்கும் இரு முகங்களிலும் மைக்கா, எல்லா விளிம்புகளிலும் பட்டை. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது; வடிவமைப்பு, பிராண்டு என்று சொல்லப்படுவதெல்லாம் அதன் பிறகு வருவது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 18 மில்லிமீட்டர் தடிமனில் அந்த 32 சதுர அடி கிரானைட் 150 கிலோவை ஒட்டி வரும். அத்தனையும் பெட்டிகளின் பக்கப் பலகைகளின் மேல்தான் நிற்கும்.

விலைப்பட்டியல்களை அருகருகே வைக்கும்போது இரண்டும் ஒரே வேலையைச் சொல்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். சதுர அடி என்பது முகப்புப் பரப்பா, அல்லது பயன்படுத்திய பலகையின் மொத்தப் பரப்பா? பழைய மேடையை இடிப்பது, இடிபாட்டை அள்ளுவது, கிரானைட், சிங்க், குழாய், டைல்ஸ் ஆகியவை மாடுலர் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. கூடை, கீல், 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை கடைசிப் பக்கத்தில் வந்து சேரும். கார்பெண்டர் சொல்லும் கூலி மட்டுமான விலையிலோ பொருள் முழுவதும் நம் பொறுப்பு, சேதாரமும் நம்முடையதே.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான செலவு ஒன்று இருக்கிறது, அதில்தான் யாரும் குறைக்கக் கூடாது. மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருந்தால், முதல் எழுபதாயிரத்தைக் குழாய், வயரிங், தரை, கழிவுநீர் வாட்டம் ஆகியவற்றுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மேலும் முப்பதாயிரத்தைத் தொடாமல் வைத்து, மீதியில்தான் கல்லா பெட்டியா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய வீட்டுச் சுவரைத் திறந்தால் உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய் இருக்கும். வெளிப்படும் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை விட்டுவைத்தால், மறுமழைக்குள் புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியரை நெருங்கும். பழைய 6 ஆம்பியர் பிளக்குக்கு அது ஆகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 16 ஆம்பியர் இணைப்புகள் குறைந்தது நான்கு வேண்டும், அவை எங்கே என்பதை கிரைண்டர் எங்கே நிற்கும் என்று முடிவு செய்த பிறகுதான் குறிக்க வேண்டும்.

சிலிண்டர் மேடைக்கு அடியில் நிற்குமானால் அந்த அறைக்கு மட்டும் அடிப்பலகை வேண்டாம். நிறைந்த சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி இருக்கும். நான்கு அங்குல உயரத்துக்கு அதைத் தூக்கி வைப்பது வீட்டில் தனியாக இருப்பவரால் ஆகாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். எனவே கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். கல்லோ பெட்டியோ, இதில் விலக்கு இல்லை.

கால அளவில் பெட்டிக்கே வெற்றி. ஆலையில் பெட்டி தயாராகும்போதே வீட்டில் கொத்து வேலை நடக்கும், பொருத்துவது சில நாள் வேலை. கல் வழியில் அறுப்பு, பூச்சு, பூச்சு இறுக நீர் ஊற்றுதல், அதன் பிறகு தச்சு என்று வாரங்கள் ஓடும், வீடு முழுவதும் தூசி. பி.வி.சி., அலுமினியப் பெட்டிகளையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீருக்கு அவை அஞ்சுவதில்லை. ஆனால் பி.வி.சி. பலகை பாரத்தில் தொய்கிறது, அடுப்பின் வெப்பம் அதற்கு ஆகாது. அலுமினியம் உறுதியானது என்றாலும் இழுப்பறை வேலைப்பாடு அதில் அரிதாகவே நேர்த்தியாக அமைகிறது.

மேல்தளத்து அடுக்ககம், வயதானவர்கள், நேரக் குறைவு என்றால் மரைன் பிளைவுட் பெட்டி. தரைத்தளம், வெள்ளமோ கரையானோ வரும் இடம் என்றால் கல். பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டையும் கலந்தோம்: சிங்க், சிலிண்டர், அரிசி டிரம் இருக்கும் பக்கம் முழுவதும் கல், அடுப்புக்கு வலப்புறம் நான்கடி நீளத்துக்கு மட்டும், கிரானைட்டைத் தாங்கும் தடுப்புகளுக்கு நடுவே, மேடையின் பாரம் ஏறாத இழுப்பறைப் பெட்டி இரண்டு. அவை கெட்டால் மேடையைத் தொடாமல் முன்பக்கமாக உருவி எடுத்துவிடலாம்.

சுவரைப் பூசி மூடும் முன், குழாயும் வயரும் ஓடும் இடங்களை அளவு டேப்பை விரித்து வைத்துப் படமெடுத்து, அச்சிட்டு, சிங்க் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். போன மாதம் தண்ணீர் வடிகட்டி மாட்ட வந்த பிளம்பர், துளையிடும் கருவியைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தாம் குறித்த புள்ளியை இரண்டு அங்குலம் இடப்புறமாக மாற்றிக்கொண்டார்.