உறையில் ‘கழுவியது’ என்றிருந்த கோகோபீட் கட்டி

சென்னையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. துவைக்கிற கல்லும் செப்டிக் டேங்க் மூடியும் எடுத்துக்கொண்டது போகப் பாதி இடம்தான் மிஞ்சும். அங்கே மண் என்று சொல்லத்தக்கதும் இல்லை. வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் சிமெண்ட் காரையும்தான். ஆகவே சென்ற ஆண்டு ஆடிப்பட்டத்துக்கு முன்பாக, 15 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள குரோ பேக் (செடி வளர்க்கும் பை) 12 வாங்கிக்கொண்டு, அவற்றை நிரப்ப இணையக் கடையொன்றிலிருந்து 5 கிலோ கோகோபீட் (தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்தது) கட்டிகள் மூன்றை வரவழைத்தேன்.

எடையிலும் அளவிலும் ஏமாற்றமில்லை. ஒரு கட்டியைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இட்டு நீர் ஊற்றினால், அரை மணி நேரத்தில் ஓரங்கள் பொரிந்து, விரல் பட்டாலே உதிரும்படி இளகி, ஏறக்குறைய 65 லிட்டர் தூளாகிவிடுகிறது. செம்மண் கால் பங்கும் மண்புழு உரம் கால் பங்கும் சேர்த்தபோது, மூன்று கட்டிகள் பன்னிரண்டு பைகளுக்கும் போதுமானவையாக இருந்தன. கல்லோ நீளமான நாரோ அரிதாகவே அகப்பட்டது.

குறை உப்பில் இருக்கிறது. ‘கழுவியது, அப்படியே பயன்படுத்தலாம்’ என்று உறையில் அச்சிட்டிருந்ததை நம்பி, முதல் கட்டியை நேரே கலந்து நான்கு பைகளில் கத்தரியும் பி.கே.எம். 1 ரகத் தக்காளியும் நட்டேன். பத்தே நாளில் கன்றுகளின் இலை ஓரங்கள் அனலில் வாட்டியதுபோல் கருகின. தேங்காய் மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி; அதை உப்பேறிய நீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் இன்னும் கூடும். குடிநீர் வடிகட்டிக்காக வைத்திருந்த, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை, இரண்டாம் கட்டி ஊறிய நீரில் வைத்தபோது 2,400 காட்டியது. குழாய் நீரோ 380தான். பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்ததும் 1,100 ஆயிற்று. மூன்றாம் முறைக்குப் பின் 520க்கு இறங்கி, கடுங்காப்பி நிறத்தில் ஓடிய நீரும் வெளிறியது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில், ஒரு கட்டிக்கு நூறு லிட்டருக்கு மேல் கழுவுநீராகப் போவதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். விற்றவர்களிடம் முறையிட்டதற்கு, உறையில் இருந்த வாசகத்தையே படமெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

உப்பு நீங்கினாலும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் கோகோபீட்டுக்கு உண்டு. தக்காளியின் முதல் காய்களில் அடிப்பாகம் கறுத்துக் குழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மறந்து மறந்து நீர் விட்ட என் பங்கையும் மறைப்பதற்கில்லை. லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றி, நீரையும் ஒழுங்குபடுத்திய பின் வந்த காய்கள் பழுதின்றி இருந்தன. மேற்பரப்பு காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் தேங்கியிருக்கும் என்பதால், இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பார்த்தே நீர் விடுவது நல்லது.

ஓராண்டில் பைகளின் மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது; மண்புழு உரம் மட்டும் சேர்த்து அதே கலவையில் இந்த ஆண்டு வெண்டை போட்டிருக்கிறேன். இதே கட்டியை மறுபடியும் வாங்குவேன், ஆனால் முதலில் ஒன்றே ஒன்று. அதன் மூலையில் ஒரு பிடி உடைத்து, ஒரு டம்ளர் நீரில் ஊறவைத்து, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்த பிறகே அடுத்தவற்றுக்குப் பணம் கட்டுவேன்.