ஜாக்சன் ஹைட்ஸில் பழைய கோ-ஆப் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக "போருக்கு முந்தைய கட்டடம், உயரமான கூரை, மரத்தரை, உள்ளே தோட்டம், குறைந்த மெயின்டனன்ஸ்" என்று ஜாக்சன் ஹைட்ஸ் விளம்பரங்களைப் பார்த்து மயங்கி நிற்பவர்களுக்கு. புரோக்கர் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் போடவில்லை, வழக்கு போடலாமா என்று இப்போதுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மன்ஹாட்டனிலிருந்து ரயில் வரப்போகிறது என்று தெரிந்தே குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி இங்கே நிலத்தை வாங்கிப் போட்டது, 7ஆம் நம்பர் ரயிலும் 1917இல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் நடுவில் நீளமாகத் தோட்டம், சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் என்று கட்டித் தள்ளினார்கள். 1993இல் நகராட்சி இதில் ஒரு பகுதியைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. 74ஆம் தெருவுக்கு நடந்து போனால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும், 34ஆவது அவென்யூவில் பகலில் கார் தொல்லை இல்லாமல் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ஆசைப்படாமல் எப்படி இருக்க முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். கோ-ஆப் என்றால் நம் ஊர் ஃபிளாட் மாதிரி வீட்டை நம் பெயரில் பத்திரம் பதிவதில்லை. கட்டடம் முழுக்க ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை, அதோடு அந்த வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமை வருகிறது. கட்டடத்தின் மேல் இருக்கும் கடன், சொத்து வரி, பாய்லர் செலவு, வேலையாட்கள் சம்பளம் எல்லாம் மாதா மாதம் கட்டும் மெயின்டனன்ஸில் அடக்கம். அதனால் வீட்டுக்குள் என்ன உடைந்திருக்கிறது என்பதைவிடக் கம்பெனி கணக்கில் என்ன உடைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம், அதை யாரும் ஓப்பன் ஹவுஸில் (வாங்க வருபவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் நாளில்) காட்டமாட்டார்கள்.

நாங்கள் பார்த்த வீட்டில் மெயின்டனன்ஸ் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. புரோக்கர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் போர்டு (அந்தக் கம்பெனியின் நிர்வாகக் குழு) சடங்கு: இரண்டு வருட வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, ஆபீஸ் கடிதம், நண்பர்களிடமிருந்து நற்சான்றுக் கடிதங்கள், கடைசியில் நேர்காணல். நம் ஜாதகத்தையே கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் பக்கத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. வேண்டாம் என்று தள்ளினால் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. (இந்தப் பேட்டையில் 1920களில் இந்த வீடுகளைக் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் விற்பதில்லை என்று வைத்திருந்தார்கள். இன்றைக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது என்றாலும், காரணம் சொல்லாமல் தள்ளும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.)

க்ளோசிங்குக்கு (பணம் கொடுத்து விற்பனையை முடிக்கும் நாள்) முன்னால் கடைசியாக வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது என் கணவர் அடுப்பின் திருகைத் திருப்பினார். டிக் டிக் என்று பொறி மட்டும் வந்தது, தீ வரவில்லை. "வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார் அல்லவா, கேஸ் கணக்கை மூடிவிட்டார், உங்கள் பெயரில் கணக்கு திறந்தால் அன்றைக்கே வந்துவிடும்" என்றார் புரோக்கர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். விற்றவரின் வக்கீலும் அதையே மின்னஞ்சலில் எழுதினார். அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சப் போனோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமியார் பாத்திரத்தை வைத்துவிட்டு, "என்னம்மா, அடுப்பே எரியலையே" என்று நிற்கிறார். எதிர் வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்டால், அவர் சிரித்தேவிட்டார். போன குளிர்காலத்தில் கட்டடம் முழுக்கக் கேஸ் நின்றுவிட்டது, அதிலிருந்து இதே கதைதானாம். அவர் வீட்டில் அடுப்பு மேலேயே ஒரு மின்சார ஹாட் பிளேட் உட்கார்ந்திருந்தது. எங்கள் அடுப்புக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து பார்த்தோம், விற்றவர் விட்டுப்போன ஹாட் பிளேட் அங்கேயும் இருந்தது. பாலை அதில்தான் காய்ச்சினோம்.

பழைய கட்டடங்களில் இது ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் ஈஸ்ட் ஹார்லெமில் கேஸ் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள், மறு வருடம் ஈஸ்ட் வில்லேஜில் இரண்டு பேர். அதற்கப்புறம் கெடுபிடி அதிகம். 2016இல் வந்த 152ஆம் எண் நகரச் சட்டப்படி நாலு வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் பெற்ற பிளம்பர் கட்டடத்தின் கேஸ் குழாய்களைப் பார்த்தாக வேண்டும். கசிவு தெரிந்தால் கேஸ் கம்பெனி வால்வைப் பூட்டிவிடும். திரும்பத் திறக்க நகராட்சி அனுமதி, குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதனை, மறு ஆய்வு என்று வரிசையாக வரும். நூறு வருட இரும்புக் குழாயின் இணைப்புகள் அந்தச் சோதனையில் ஒவ்வொன்றாகத் தோற்கும், பிறகு கீழிருந்து மேல் வரை குழாயையே மாற்ற வேண்டும், அதற்கு ஒவ்வொரு சமையலறைச் சுவரையும் உடைக்க வேண்டும். சரி, இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமே என்றால், வீட்டுக்கு வரும் பழைய மின்சாரக் கம்பிக்கு அந்த அளவு பவர் தாங்காது.

செலவு யார் தலையில்? பங்குதாரர்கள் தலையில்தான். நாங்கள் குடிபோன கொஞ்ச நாளில் அசெஸ்மென்ட் (மெயின்டனன்ஸுக்கு மேல் கூடுதல் வசூல்) என்று கடிதம் வந்தது, பங்குக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு. எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மாதம் 380 டாலர் கூடுதல். குறைந்த மெயின்டனன்ஸின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது: வருடக்கணக்கில் ஏற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள், கையிருப்பு நிதி காலி.

இதில் எனக்கு அதிகம் ஆத்திரம் எங்கள் வக்கீல் மேல்தான். புரோக்கர் சிபாரிசு செய்த ஆள். போர்டு கூட்டங்களின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது வாங்குபவரின் வக்கீல் வேலை, அதற்குத்தான் ஃபீஸ். "பார்த்தேன், கவலைப்பட எதுவும் இல்லை" என்று சொன்னார். பங்குதாரர் ஆன பிறகு நானே கேட்டு வாங்கிப் படித்தேன், கூட்டத்துக்குக் கூட்டம் கேஸ் பிரச்சினை, அசெஸ்மென்ட் போடலாமா என்ற பேச்சு. மேனேஜ்மென்ட் ஆபீஸில் விசாரித்தால், அவர் மினிட்ஸைக் கேட்கவே இல்லையாம்.

நியூயார்க்கில் வீடு விற்பவர் குறைகளை எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அது கோ-ஆப்புக்குப் பொருந்தாது. சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் குற்றமில்லை, தெரிந்தே மறைத்தார்கள், பொய் சொன்னார்கள் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் புது வக்கீல். அதனால்தான் அந்த மின்னஞ்சல் எங்களுக்குப் பெரிய ஆதாரம். கோ-ஆப் மேலேயே வழக்குப் போட்டு மெயின்டனன்ஸில் தள்ளுபடி கேட்கலாம், ஆனால் அந்தப் பணமும் எங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

இனி வாங்கப் போகிறவர்கள் புரோக்கர் சொல்லும் வக்கீலை வைக்காதீர்கள். மினிட்ஸில் என்ன இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு வருடக் கணக்கறிக்கையில் கையிருப்பு எவ்வளவு, கட்டடக் கடன் எந்த வருடம் முடிகிறது, பாய்லருக்கு, கட்டடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு வரம்பு வைக்கும் 97ஆம் எண் நகரச் சட்டத்தின் கீழ் அபராதம் வருமா (25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024இலிருந்து அமலில் இருக்கிறது) என்றும் கேளுங்கள். லாபியில் போகும் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். எங்களுக்கு எதிர் வீட்டு அம்மாள் ஒரு நிமிடத்தில் சொன்னதை வேறு யாரும் சொல்லவில்லை.

புரோக்கர் மேல் மாநில லைசென்ஸ் பிரிவில் புகார் கொடுத்தாயிற்று, இன்னும் பதில் இல்லை. குழாய் வேலை எங்கள் வரிசைக்கு வரவில்லை. போன வாரம் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடி வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே புரோக்கர், "சமையல் பிரியர்களுக்கேற்ற சமையலறை" என்று போட்டிருக்கிறார். அந்த வீட்டைப் பார்க்கப் போகிற யாராவது இதைப் படித்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், மினிட்ஸில் எந்தெந்தக் கூட்டத்தைக் கேட்க வேண்டும் என்று தேதி சொல்கிறேன்.